பூச்சி தின்னும் செடிக்கு இலை போட்ட கதை

பாலாற்றங்கரையில் நெல்லிமடு என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் புத்திசாலிகள் ஏராளம். அவர்கள் பாட்டுக்குச் சம்பாதித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்துகொண்டிருந்ததால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. நாம் பஜார் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி மூன்று பேரைப் பார்ப்போம்.

மூத்தவர் துளசிங்கம். பெண் கிடைக்காததால் பிரம்மச்சரிய விரதம் எடுத்துக்கொண்டவர். அடுத்தவர் எத்திராஜ். அண்ணனுக்கு ஆகாமல் தம்பி செய்துகொள்ளக் கூடாது என்று காத்திருந்து, எதற்குக் காத்திருக்கிறோம் என்பதையே மறந்துபோனவர். கடைக்குட்டி வேதாசலம். கடைக்குட்டி என்றாலும் காதோரம் நரைத்துவிட்டது. அவனுக்குக் கல்யாண ஆசை இருந்தது. அதுவும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கும் மரகதவல்லி டீச்சர் மேல்தான் இருந்தது. தரகர் போய்ப் பேசி மாதக்கணக்காகியும் டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேதாசலம் பாவம், டீச்சர் கற்பூரம் வாங்க வரும்போதெல்லாம் எடைக்கல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி பிறந்த கையோடு ஒரு காலையில் டீச்சர் கையில் சின்னத் தொட்டியோடு கடைக்கு வந்தாள். தொட்டியில் ஒரு செடி. ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு வாய். வாயோரம் முழுக்க முள், கண்ணிமை மாதிரி.

"இது பூச்சி தின்னும் செடி" என்றாள் டீச்சர். "எனக்குக் கொடைக்கானல்ல ட்ரெய்னிங். அம்மாகிட்ட விட்டுட்டுப் போனா மஞ்சத் தண்ணி ஊத்திப் பொட்டு வெச்சே கொன்னுடுவாங்க. நீங்க பாத்துக்கறீங்களா?"

வேதாசலம் தலையை மட்டும் ஆட்டினான்.

"நான் திரும்பி வரும்போது இது உயிரோட இருந்தா, நம்ம விஷயத்தை நானே அம்மாகிட்ட பேசறேன்."

"செத்துப் போயிருந்தா?"

"ஒரு செடியைக் காப்பாத்தத் தெரியாதவரோட எப்படிங்க குடித்தனம் பண்றது?" என்றாள் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதில் விளையாட்டு இல்லை என்பது வேதாசலத்துக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் வளர்க்கும் முறையைச் சொன்னாள். மழைத் தண்ணி மட்டும்தான் ஊற்றணும், குழாய்த் தண்ணி ஆகாது. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு, அதில் எப்போதும் தண்ணி நிற்கணும். காலை வெயில் நல்லாப் படணும். வாய்க்குள் விரலோ குச்சியோ விட்டு விளையாடக் கூடாது. நீங்கள் எதுவும் ஊட்ட வேண்டாம், அதுவே பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளும். முக்கியமாக, சும்மா இருந்தாலே போதும். இவ்வளவுதான். வேதாசலம் அத்தனையையும் சுப்ரபாதம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு, தொட்டியை நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

துளசிங்கம் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இது யாருடா?"

"பூச்சி தின்னும் செடிண்ணா."

"அதையா கேட்டேன்? யார் வீட்டிலேர்ந்து வந்திருக்கு?"

"டீச்சர் வீட்டிலேர்ந்து."

துளசிங்கம் உடனே உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "பெண் வீட்டிலேர்ந்து முதமுதலா நம்ம வீட்டுப் படியேறி வந்திருக்கற ஆளு. ஒரு குறை வரக் கூடாது. நாளைக்கு அங்க போய், சரியாக் கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா தம்பி வாழ்க்கை போச்சு."

"செடி பேசுமாண்ணா?" என்றார் எத்திராஜ்.

"இவ்வளவு வாய் வெச்சிருக்கு. பேசாதா?"

செடி அந்த நிமிஷத்திலிருந்து விருந்தாளி ஆயிற்று.

அன்று சாயங்காலமே நல்ல மழை. தொட்டி முற்றத்தில் இருந்தது. வேதாசலம் பதறிக்கொண்டு ஓடி, செடிக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு கையில் ஒரு சொம்பு. சொம்பில் மழைத் தண்ணீர் நிரம்பியதும், குடையை விலக்காமல், குனிந்து சொம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்கு ஊற்றினான். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "குடையை எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே" என்றார்.

"டீச்சர் மழைத் தண்ணியை ஊத்தச் சொன்னாங்க. நனைய விடச் சொல்லலை" என்றான் வேதாசலம். தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டே, சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்ட திருப்தியோடு உள்ளே வந்தான்.

காலையில் வெயில் படணுமே. தொட்டியை மொட்டை மாடியில் வைத்தார்கள். விருந்தாளியைத் தனியாக வெயிலில் விட்டுவிட்டு நாம் நிழலில் உட்காருவது மரியாதையா? மூன்று பேரும் கூடவே உட்கார்ந்தார்கள். துளசிங்கம் தங்கள் வம்சப் பெருமையை எல்லாம் செடியிடம் எடுத்துச் சொன்னார். எத்திராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கிட்டே வருவார், விரல் தப்பித் தவறி வாய்க்குள் போய்விடப் போகிறதே என்று. குச்சியும் ஆகாது என்று சொல்லியிருந்ததால் வீட்டிலிருந்த தீப்பெட்டி, துடைப்பம், ஊதுவத்தி எல்லாவற்றையும் அவரே பொறுக்கி எடுத்துப் பின்கட்டில் வைத்துப் பூட்டினார்.

சிக்கல் மதியம் வந்தது.

நெல்லிமடுவில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி கை நனைக்காமல் வீட்டுக்காரர்கள் கை நனைக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால் எல்லாரும் சேர்ந்துதான் எழுந்திருக்கணும். மற்றவர்கள் இதை ஏதோ தோதுக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் சகோதரர்கள் தோது பார்க்கிற ஆட்கள் இல்லை.

எத்திராஜ் அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கி வந்து சமையல் செய்தார். தலைவாழை இலை போட்டு, செடியைப் பலகை மேல் வைத்து, சோறு, கதம்பச் சாம்பார், கூட்டு, உளுந்து வடை, பாயசம் எல்லாம் பரிமாறினார்கள். ஊட்டக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் யாரும் ஊட்டவில்லை. காத்திருந்தார்கள். செடி சாப்பிடவில்லை.

"புது இடம். கூச்சமா இருக்கும்" என்றார் துளசிங்கம். மூன்று பேரும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வடை அப்படியே இருந்தது.

"வடை பிடிக்கலையோ?"

"எதுவுமே பிடிக்கலை போலிருக்கே."

"சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு உபசாரம் பண்ணணும்டா. சும்மா உட்கார்ந்திருந்தா எந்தப் பெண் வீட்டுக்காரங்க சாப்பிடுவாங்க?"

உபசாரம் செய்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் உபசாரம் செய்தார்கள். செடி வாயைத் திறந்தபடியே இருந்ததே ஒழிய ஒரு பருக்கையைத் தொடவில்லை. விருந்தாளி கை நனைக்காததால் இவர்களும் பட்டினி. ராத்திரியும் பட்டினி. மறுநாள் காலை இட்லி, இதே கதை. வேதாசலத்துக்குப் பசியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. சாப்பிடாமல் இப்படியே இருந்தால் செடி செத்துப் போகும். செடி போனால் டீச்சர் போய்விடுவாள். அவன் கண் கலங்கிவிட்டது. "என்ன கோபம் உனக்கு எங்க மேல?" என்று செடியிடம் வாய்விட்டே கேட்டான்.

"அண்ணா, அது பூச்சிதானே சாப்பிடும்?" என்றார் எத்திராஜ். பசி வந்தால் அவருக்குக் கொஞ்சம் மூளை வேலை செய்யும்.

"பூச்சி அசைவம்டா. இது புரட்டாசி. நம்ம வீட்டுல முட்டையே நுழையாது, பூச்சியை எப்படி அனுமதிக்கறது?"

மூவரும் யோசித்தார்கள்.

"கொசு இருக்கேண்ணா" என்றான் வேதாசலம். "கொசு என்ன சாப்பிடுது? நம்ம ரத்தம். நாம என்ன சாப்பிடறோம்? சாம்பார். அப்ப கொசு சைவம்தானே?"

துளசிங்கம் தம்பியைப் பெருமையோடு பார்த்தார். "அட, நம்ம அப்பா மூளை அப்படியே இவனுக்கு வந்திருக்கு. போய் ஒரு கொசுவைக் கூட்டிக்கிட்டு வா."

ஆனால் கொசுவுக்கு எங்கே போவது? அது சாம்பிராணி மூட்டையும் கற்பூர டப்பாவும் அடுக்கி வைத்திருக்கும் வீடு. ஈ, கொசு, எறும்பு எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. மூன்று பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு, "கடிச்சுக்கோ" என்று இருட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

கடைசியில் துளசிங்கம்தான் தீர்ப்புச் சொன்னார். "புரட்டாசியில வீட்டுக்குள்ளதானே அசைவம் கூடாது? வெளியில கூட்டிக்கிட்டுப் போய்ச் சாப்பிட வெப்போம். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்றான்."

அப்படியாகப் புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக, பூஜை சாமான் கடைக்காரர்கள் மூன்று பேரும் நெற்றி நிறைய நாமத்தோடு, நடுவில் ஒரு தொட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு, பஸ் நிலையத்தை ஒட்டிய நிசார் பாய் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தார்கள். புரட்டாசி என்பதால் கடையில் ஆளே இல்லை. பாய் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு இலை போடுங்க பாய்" என்றார் துளசிங்கம்.

"மூணு பேர்தானே இருக்கீங்க?"

"இவங்க பெண் வீட்டுக்காரங்க."

பாய் தொட்டியைப் பார்த்தார். அந்த மாதம் பிறந்ததிலிருந்து வந்த முதல் வாடிக்கையாளர்கள் என்பதால் ஒன்றும் கேட்காமல் நாலு இலை போட்டார். வாசலோர மேஜை. செடிக்குப் போட்ட இலையில் மட்டன் பிரியாணி. இவர்களுக்குக் குஸ்கா.

"இதுல ஆடு இருக்கா?" என்று துளசிங்கம் குஸ்காவைக் காட்டி விசாரித்தார்.

"துண்டு இருக்காதுண்ணே. ஆனா ஆட்டோட சேர்ந்து வெந்ததுதான்."

"கூட வெந்தா ஒண்ணும் தப்பில்ல. ஆட்டோட ஒரே பஸ்ஸுல போனா நாம ஆடாயிடுவோமா?" என்று தம்பிகளுக்கு விளக்கினார் துளசிங்கம். தம்பிகளும் அது ஞாயம்தான் என்றார்கள்.

அந்த நேரத்தில் பிரியாணி மேல் உட்கார வந்த ஒரு ஈ, போகிற போக்கில் செடியின் ஒரு வாய்க்குள் எட்டிப் பார்த்தது. வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

வேதாசலத்துக்கு உயிரே வந்தது. "சாப்பிட்டாங்கண்ணா, சாப்பிட்டாங்க" என்று அவன் குரல் தழுதழுத்தது. அடுத்த நொடி மூன்று பேரும் குஸ்காவின் மேல் பாய்ந்தார்கள். இரண்டு நாள் பசி. மறுசோறு, அதற்கு மறுசோறு என்று வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் செடி வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் மென்னுக்கிட்டிருக்காங்க" என்றார் எத்திராஜ்.

"மெதுவாச் சாப்பிடட்டும். நல்ல வளர்ப்பு" என்றார் துளசிங்கம். "அவங்க முடிக்காம நாம எழுந்திருக்கக் கூடாது."

அந்த மாதிரிச் செடி ஒரு ஈயைத் தின்று முடிக்க ஒரு வாரத்துக்கு மேலே ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்கும் தெரியாது. அதிலும் ஒரு வாய் மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்த வாய் இன்னொரு ஈயைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆயிற்று. கை காய்ந்தது. இலையும் காய்ந்தது. பாய் விளக்கை அணைக்க வந்தார்.

"அண்ணே, கடையைச் சாத்தணும்."

"சாத்திக்கங்க பாய். எங்களால தொந்தரவு இல்ல. விருந்தாளி சாப்பிட்டு முடிச்சதும் போயிடறோம்."

பாய் நல்ல மனுஷன். அதோடு, காலையில் வந்து பார்த்தபோது கடையில் ஈ குறைந்திருந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தார். "இருங்கண்ணே, அவசரமே இல்ல" என்றார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நாலு பேர் டீயும் சமோசாவும் கேட்கவே, அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இத்தனை நாள் எழுந்திருக்காமல் எப்படி என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஒருவர் வெளியே போகவேண்டியிருந்தால் தன் துண்டை எடுத்து இடத்தில் போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் துண்டு உட்கார்ந்திருந்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாகத்தானே அர்த்தம். திரும்பி வந்து துண்டை எடுத்துக்கொண்டு இலையில் கை வைத்துக்கொள்வார். தூங்கும்போதும் வலது கையை இலை மேலேயே வைத்துக்கொண்டுதான் தூங்கினார்கள். பூஜை சாமான் கடை மூடிக் கிடந்து, புரட்டாசி வியாபாரம் மொத்தமும் போயிற்று. வேதாசலம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அவன் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் கடையின் கூரைத் தகட்டில் ஓர் ஓட்டை. மழை பெய்யும்போதெல்லாம் அது நேராகச் செடியின் தட்டில் சொட்டியது. காலை வெயில் வாசல் வழியாக வந்து தானாகச் செடி மேல் விழுந்தது. இவர்கள் கை இலையில் இருந்ததால் யாராலும் குடை பிடிக்க முடியவில்லை.

டீச்சர் கொடைக்கானலிலிருந்து வந்து இறங்கினாள். வீடு பூட்டியிருந்தது. கடையும் பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அவங்களா? பிரியாணிக் கடைக்குச் சாப்பிடப் போனாங்கம்மா."

"எப்போ?"

"போன சனிக்கிழமை."

செடியைக் கொன்றுவிட்டுத் தலைமறைவு ஆகிவிட்டார்கள் என்றே டீச்சர் முடிவு செய்துகொண்டு, கோபமும் வருத்தமுமாகப் பாய் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சவரம் செய்யாத மூன்று முகங்கள். சருகாகிப்போன நாலு இலைகள். நடுவில் செடி, ஜம்மென்று. புதுத் தளிர் விட்டு, புது வாய்கள் வந்து, உள்ளே சிவப்பேறி, அவள் கொடுத்தபோது இருந்ததைப் போல ரெண்டு மடங்கு.

வேதாசலம் அவளைப் பார்த்தான். எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே இடது கையால் சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

டீச்சர் குனிந்து செடியின் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். "என்கிட்டகூட இது இப்படி இருந்ததில்லையே. என்ன பண்ணீங்க?"

பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது. "ஒண்ணும் பண்ணலை டீச்சர். சும்மா உட்கார்ந்திருந்தோம்."

"அதைத்தான் சொல்லிட்டுப் போனேன். இதுக்கு முன்னால பொண்ணு கேட்டு வந்த மூணு பேர்கிட்ட ஒவ்வொரு செடி குடுத்தேன். ஒருத்தரும் சும்மா இருக்கலை. உரம் போட்டு, கறி ஊட்டிக் கொன்னுட்டாங்க" என்றாள் டீச்சர். "சரி, எழுந்து வாங்க. அம்மாகிட்ட போய்ச் சொல்லிடலாம்."

வேதாசலம் சந்தோஷத்தில் எழுந்தே விட்டிருப்பான். துளசிங்கம் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "உங்க வீட்டுக்காரங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலைம்மா" என்றார் டீச்சரிடம்.

விஷயம் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொள்ள டீச்சருக்கு ஒரு டீ நேரம் ஆயிற்று. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு செடியின் முன்னால் இருந்த சருகு இலையை எடுத்து, மேல்பக்கத்தைக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, மடித்து வைத்தாள்.

"இலையை மடிச்சாச்சு. எழுந்திருக்கலாமா?"

"மடிச்சாச்சுன்னா சாப்பாடு முடிஞ்சுது" என்றார் துளசிங்கம். மூன்று பேரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போய்க் கை கழுவினார்கள். பாய்க்குத்தான் செடியை அனுப்ப மனசே வரவில்லை.

ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி. மண்டபத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வரிசையாக இலை. இந்த முனையில் முதல் இலை, பெண் வீட்டு மரியாதையாக, செடிக்கு. அதைப் போட்டது துளசிங்கம் இல்லை, பெண்ணின் அம்மா. மஞ்சள் தண்ணீர்தான் ஊற்றவில்லை, தொட்டிக்குப் பொட்டு வைத்திருந்தாள். அந்தக் கடைசி முனையில் மாப்பிள்ளையும் பெண்ணும். பாயசம் பரிமாறியதும் அதை மோப்பம் பிடித்து ஒரு ஈ வந்தது. டப்.

புதுப்பெண் இலையை மடித்துவிட எழுந்தாள். பக்கத்திலிருந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "தாலி ஏறின அன்னைக்கே பாதிப் பந்தியில எழுந்திருக்கறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க? உட்காரு. விருந்தாளி முடிக்கட்டும்."

செடி இருந்த முனையிலிருந்து துளசிங்கம், "ஞாயமான பேச்சு சம்பந்தியம்மா" என்றார். இவ்வளவு பொருத்தமான சம்பந்தம் அமைந்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உங்களுக்கும் பத்திரிகை வந்திருக்கும். நேரமாகிவிட்டதே என்று சங்கடப்படாமல் சாவகாசமாகக் கிளம்பி வாருங்கள், இரண்டாம் பந்திக்கு இன்னும் இலை போடவில்லை.